வாத்தியார் அரசியலுக்கு வரட்டும்! கணக்கை நம்மிடம் ஒப்பிக்கட்டும்!

(கம்பம் பள்ளத்தாக்கில் நடந்த விவசாயிகள் போராட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசியது பேசியபடியே பெரும்பாலும் தரப்பட்டுள்ளது.)



கூட்டத்தின் கோரிக்கைகளை எனக்கு முன்னால் பேசியவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். நான் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை இப்போது டீக்கடையில் ஒரு பேச்சு ஓடிக்கிட்டிருக்கு. "உள்ளாட்சித் தேர்தல் எப்ப வந்தாலும் சரி, இந்தத் தடவை கட்சிக்காரன் வேண்டாம், காண்ட்ராக்டர் வேண்டாம், ரிட்டயர் ஆன வாத்தியாரை நிறுத்துவோம்" என்று சில பேர் சொல்கிறார்கள். "வாத்தியாருக்கு எதுக்குய்யா அரசியல்? பென்ஷனை வாங்கிக்கிட்டு பேரப் பிள்ளையைக் கொஞ்சட்டும்" என்று வேறு சில பேர் சொல்கிறார்கள். சங்கம் என்ன முடிவெடுக்க வேண்டும்? அதைத்தான் பேச வேண்டும்.

நம்ம ஊருக்குப் பிரதிநிதி எங்கே?

முதலில் நிலைமையைப் பாருங்கள். 2016 அக்டோபரில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மூன்று வருஷத்துக்கு மேல் ஊருக்குத் தலைவர் கிடையாது, வார்டு மெம்பர் கிடையாது, எல்லாம் தனி அலுவலர். அந்தத் தேர்தலில் நம்ம தேனி உள்பட 27 மாவட்டங்களில் வந்தவர்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும், ஓடை தூர்ந்து போனாலும் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? தனி அலுவலர் ஆபீஸ் ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறது. அவருக்கு நாம் ஓட்டுப் போடவில்லை. அவரை மாற்றவும் நம்மால் முடியாது.

அதனால்தான் தேர்தலை உரிய காலத்தில் நடத்து என்று கேட்கிறோம். கேட்பது சரி. தேர்தல் வந்தால் யாரை நிறுத்துவது என்று முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டாமா? வேட்பு மனுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது யோசித்தால், பணம் வைத்திருக்கிறவன்தான் வந்து நிற்பான்.

வாத்தியார் ஏன் அறுபது வயதில் வருகிறார்?

நீங்களே கவனித்திருப்பீர்கள். வாத்தியார்கள் அரசியலுக்கு வந்தால் தலை நரைத்த பிறகுதான் வருவார்கள். காரணம் பயமோ ஆசையோ இல்லை, சட்டம். அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973இன்படி, பணியில் இருக்கிற அரசுப் பள்ளி ஆசிரியர் கட்சியில் சேரக் கூடாது, தேர்தலில் நிற்கக் கூடாது. வேலையை விடணும், இல்லை ஓய்வு பெறணும். தமிழ்நாட்டில் ஓய்வு வயது 58ஆக இருந்தது. 2020இல் 59 ஆக்கினார்கள், 2021இல் 60 ஆக்கினார்கள். ஆகவே வாத்தியார் 60 வயதுக்கு மேல்தான் வெளியே வருகிறார்.

வேடிக்கையைப் பாருங்கள். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வாத்தியார் வேண்டும். வாக்குச்சாவடியில் உட்காருவதற்கு வாத்தியார் வேண்டும். ஓட்டு எண்ணவும் வாத்தியார் வேண்டும். ஆனால் தேர்தலில் நிற்க மட்டும் கூடாது!

ஒரு காலத்தில் சென்னையில் மேலவை என்று ஒன்று இருந்தது. அரசியல் சட்டம் 171ஆவது பிரிவுப்படி அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு உறுப்பினர்களை ஆசிரியர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். அதிலும் உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத இடத்தில் பாடம் நடத்துகிறவருக்குத்தான் ஓட்டு. நம்ம ஊர் ஆரம்பப் பள்ளியில் அ, ஆ சொல்லிக் கொடுத்த வாத்தியாருக்கு அங்கேயும் ஓட்டு இல்லை. 1986 நவம்பரில் அந்த மேலவையும் கலைக்கப்பட்டது.

படித்தவர் நமக்கு எதற்கு?

"படிச்சவன் பூராம் நல்லவனா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நல்லவர் வேண்டும் என்பதற்காக நான் வாத்தியாரைக் கேட்கவில்லை. காகிதத்தைப் படித்துச் சொல்கிற ஆள் வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.

முல்லைப் பெரியாறு தண்ணீரில்தான் நம்ம பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிற்கிறது. அந்தத் தண்ணீர் வானத்திலிருந்து மட்டும் வரவில்லை, ஒரு காகிதத்திலிருந்தும் வருகிறது. 1886 அக்டோபர் 29இல் போட்ட குத்தகை ஒப்பந்தம். 999 வருஷத்துக்கு, சுமார் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். 1970இல் துணை ஒப்பந்தம் போட்டார்கள். வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது. 1979இல் பாதுகாப்பு என்று சொல்லி நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். அணையின் முழுக் கொள்ளளவு 152 அடி. உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரி 27இல் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அதைத் தடுக்கக் கேரளம் சட்டம் போட்டது. 2014 மே 7இல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

இதில் எத்தனை பேருக்கு இந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும்? தெரிந்தால்தானே கேள்வி கேட்க முடியும்! பட்டா, அடங்கல், பயிர்க் காப்பீட்டு விண்ணப்பம், கூட்டுறவுச் சங்கக் கடன் ரசீது, ஊராட்சி வரவு செலவு எல்லாமே காகிதம்தான். நம்மைத் தோற்கடிக்கிறது வறட்சி மட்டுமில்லை, படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதமும்தான்.

ஆசிரியர் விவசாயிக்கு என்ன செய்தார்? ஆச்சார்யா ரங்காவைப் பாருங்கள்

வாத்தியார் ஒருவர் விவசாயிகளுக்காக அரசியலுக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்ம பழைய சென்னை மாகாணத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. அவர்தான் என்.ஜி. ரங்கா. குண்டூர் மாவட்டம் நிடுப்ரோலு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் 1900 நவம்பர் 7இல் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் படித்துத் திரும்பி, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தார். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, கல்லூரி ஆசிரியர். அறுபது வரைக்கும் காத்திருக்கவும் இல்லை. 1930இல் காந்தியடிகள் கூப்பிட்டதும் வகுப்பறையை விட்டு வெளியே வந்துவிட்டார்.

வெளியே வந்தவர் என்ன செய்தார்? ஜமீன் கொடுமைக்கு எதிராகக் குடியானவர்களைத் திரட்டினார். 1933இல் விவசாயிகள் கிளர்ச்சியை நடத்தினார், சிறைக்கும் போனார். 1936இல் லக்னோவில் அகில இந்திய கிசான் சபை பிறந்தபோது சுவாமி சகஜானந்த சரஸ்வதி தலைவர், ரங்கா செயலாளர்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு ஒன்று. சொந்த ஊரான நிடுப்ரோலுவில் விவசாயிகளுக்கு என்றே ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். கல்லூரி வகுப்பை விட்டவர், களத்துமேட்டில் வகுப்பை ஆரம்பித்தார். நான் போய்ப் பேசுகிறேன், நீங்கள் கை தட்டுங்கள் என்று சொல்லவில்லை. நீங்களே பேசக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். அவர் பெயருக்கு முன்னால் இருக்கிற "ஆச்சார்யா" என்ற சொல்லுக்கே ஆசிரியர் என்றுதானே அர்த்தம்!

அந்தக் காலத்து இயக்கங்களின் பலன் நம்ம பக்கத்துக்கும் வந்தது. போடிநாயக்கனூர் ஜமீன், கண்டமனூர் ஜமீன் என்று உங்கள் தாத்தாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1938இல் பிரகாசம் தலைமையிலான குழு ஜமீன் குடிகளின் நிலையை விசாரித்து அறிக்கை கொடுத்தது. 1948இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. இது ஒரு தனி மனிதர் கொண்டு வந்ததில்லை. பல மாவட்டத்துக் குடியானவர்கள் அடிபட்டு, சிறை போய் வாங்கியது. அந்தக் கூட்டத்துக்கு எழுத்தறிவும் சட்ட அறிவும் கொடுத்தவர்களில் ரங்காவும் ஒருவர்.

அதே ரங்காவிடம் இன்னொரு பாடம்

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது புகழ்மாலை. சங்கக் கூட்டத்தில் முழுசையும் சொல்ல வேண்டும்.

ரங்கா பிறகு கிசான் சபையை விட்டுப் பிரிந்தார். 1951இல் காங்கிரசை விட்டு வெளியேறித் தனிக் கட்சி நடத்தினார், மறுபடி காங்கிரசுக்குத் திரும்பினார். 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுப்பண்ணைத் தீர்மானம் போட்டது. சிறு விவசாயியின் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று எதிர்த்து வெளியே வந்தார். ராஜாஜியோடு சேர்ந்து சுதந்திராக் கட்சியைத் தொடங்கி அதன் தலைவரானார். அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கட்சியில் யார் யார் வந்து சேர்ந்தார்கள்? பழைய ராஜாக்கள், மகாராணிகள், பெரிய நிலப்பிரபுக்கள், முதலாளிகள். ஜமீனை எதிர்த்துக் குடியானவனைத் திரட்டியவர், ராஜாக்களோடு ஒரே மேடையில் உட்கார்ந்தார். எழுபதுகளில் மறுபடியும் காங்கிரஸ். குண்டூரிலிருந்து 1980, 1984, 1989 என்று மூன்று தடவை மக்களவைக்குப் போனார். 1995 ஜூன் 9இல் காலமானார். ஆந்திராவின் வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

அவர் காசு சம்பாதித்தார் என்று நான் சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. அவர் ஒரு கட்சியிலிருந்து இன்னொரு கட்சிக்குப் போகும்போதெல்லாம், அவர் திரட்டிய குத்தகைதாரனையும் கூலிக்காரனையும் கேட்டுவிட்டா போனார்? "ஆச்சார்யா, எங்கே போறீங்க?" என்று கையைப் பிடித்து நிறுத்த வலுவான சங்கம் ஒன்று அவருக்குப் பின்னால் இருந்ததா? இதுதான் நமக்குப் பாடம்.

பெரு நாட்டு வாத்தியார்

பழைய கதை என்று நினைக்காதீர்கள். நம்ம காலத்திலேயே, தென் அமெரிக்காவில் பெரு என்ற நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். பேத்ரோ காஸ்தியோ என்று ஒருவர். மலைப்பகுதி விவசாயி மகன், பெற்றோருக்கு எழுத்தறிவு இல்லை. 1995 முதல் கிராமத்து ஆரம்பப் பள்ளியில் ஆசிரியர். விவசாயமும் செய்தார். 2017இல் நடந்த ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் நாடு முழுக்க அவர் பெயர் தெரிந்தது. 2021இல் ஓலைத் தொப்பியும் கையில் பெரிய பென்சிலுமாக ஓட்டுக் கேட்டார். கிராமத்து மக்கள் அள்ளிப் போட்டார்கள். 51 வயதில், 2021 ஜூலையில் நாட்டின் ஜனாதிபதி ஆனார். ஆரம்பப் பள்ளி வாத்தியார் ஜனாதிபதி!

அப்புறம் என்ன ஆச்சு? அவர் நின்ற கட்சி அவர் கட்டிய கட்சி இல்லை, தேர்தலுக்காகச் சேர்ந்த கட்சி. ஜெயித்த மறுவருஷமே அதிலிருந்து விலகினார். காங்கிரஸ் என்கிற அந்த நாட்டுப் பாராளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லை, எதிர்த்தரப்பு நிம்மதியாக ஆள விடவும் இல்லை. ஒன்றரை வருஷத்துக்குள் ஐந்து பிரதமர்களை மாற்றினார். ஊழல் விசாரணைகள் வந்தன. 2022 டிசம்பர் 7ஆம் தேதி பாராளுமன்றத்தைக் கலைக்கிறேன் என்று அறிவித்தார். அன்றைக்கே பாராளுமன்றம் அவரைப் பதவி நீக்கியது, அன்றைக்கே கைதும் ஆனார். அவருக்கு ஓட்டுப் போட்ட கிராமத்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தார்கள். தப்புக் கணக்குப் போட்டது மேலே, உயிரைக் கொடுத்தது கீழே.

ரங்கா பெரிய படிப்பாளி. காஸ்தியோ சாதாரண வாத்தியார். இரண்டு பேரும் நம்மைப் போன்ற வீட்டில் பிறந்தவர்கள்தான். ஆக, விவசாயி மகன் என்பது மட்டும் போதாது. வாத்தியார் என்பது மட்டும் போதாது. பின்னால் இருந்து கேள்வி கேட்கிற சங்கம் வேண்டும்.

குறை நம்மிடமும் இருக்கிறது

இப்போது கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கட்சிக்காரர் ஒருவர் தலைவரானால் நாலு பேராவது தட்டிக் கேட்கிறோம். "என்னண்ணே, சிமெண்டு ரோட்டைக் காணோம்?" என்கிறோம். வாத்தியார் தலைவரானால் என்ன செய்வோம்? அவர் நமக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவர். நம்ம பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்தவர். எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்குகிறோம். பீடியை மறைக்கிறோம். "சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து நிற்கிற வாய், "சார், பில்லைக் காட்டுங்க" என்று கேட்குமா?

வாத்தியாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. முப்பது வருஷம் அவர் பேசினார், பிள்ளைகள் கேட்டார்கள். குறுக்கே பேசினால் பெஞ்சு மேல் ஏற்றினார். அந்தப் பழக்கத்தோடு கிராம சபைக்கு வந்தால், கேள்வி கேட்கிற விவசாயியைக் கடைசி பெஞ்சுப் பையன் மாதிரிதான் பார்ப்பார்.

இன்னொன்று. அவருக்கு மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். முதல்போகத்துக்கு ஜூன் முதல் தேதி தண்ணீர் திறக்காவிட்டால் அவர் அடுப்பு அணையாது. திராட்சைக்கு மருந்தடித்த கடனும், வாழை காற்றில் சாய்ந்த கடனும் அவர் வீட்டுக் கதவைத் தட்டாது. காசுக்கு அலைய மாட்டார் என்பது அவருடைய பலம். நம்ம வலி அவருக்குச் சொன்னால்தான் தெரியும் என்பது அவருடைய பலவீனம். சொல்ல வேண்டியது நம்ம வேலை.

ஆகவே சங்கம் வைக்க வேண்டிய நிபந்தனைகள்

ஆதரிப்போம். கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்க வேண்டாம். இந்தக் கூட்டத்தின் முன்னால் ஏழு நிபந்தனைகளை வைக்கிறேன். விவாதித்துத் தீர்மானமாக்குங்கள்.

1. ஜெயித்தவர் மாதம் ஒரு நாள் சங்கக் கூட்டத்துக்கு வர வேண்டும். நாற்காலி மேடையில் இல்லை, கீழே. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

2. கிராம சபை வருஷத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அன்றைக்கு வரவு செலவை வாய்விட்டுப் படிக்க வேண்டும். தீர்மானத்தை எழுதி, படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும்.

3. பதவி ஏற்கும் நாளிலும், ஒவ்வொரு வருஷமும் தன் சொத்துக் கணக்கைச் சங்கத்தில் கொடுக்க வேண்டும்.

4. அவருடைய மகன், மருமகன், மச்சினன் யாரும் ஊராட்சி ஒப்பந்த வேலை எடுக்கக் கூடாது.

5. கட்சி மாறுவதாக இருந்தால், கூட்டணி பேசுவதாக இருந்தால், முதலில் சங்கத்தில் சொல்ல வேண்டும். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலுக்குக் கட்சிச் சின்னமே கிடையாது. அதனால் யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை.

6. பட்டாதாரர் மட்டும் விவசாயி இல்லை. குத்தகைக்கு உழுகிறவர், நாற்று நடுகிற, களையெடுக்கிற பெண்கள், தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலை ஏறுகிறவர்கள் எல்லார் குறையையும் கேட்க வேண்டும். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஓய்வு பெற்ற டீச்சரம்மாக்கள் எத்தனையோ பேர் நம்ம ஊர்களில் இருக்கிறார்கள். புருஷன் பின்னால் நின்று நிர்வாகம் பண்ணாமல், தானே கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள். அவர்களைப் போய்க் கூப்பிடுங்கள்.

7. இதுதான் முக்கியம். வாரம் ஒரு ராத்திரி அவர் வகுப்பு எடுக்க வேண்டும். ரங்கா நிடுப்ரோலுவில் செய்தது மாதிரி. அடங்கலை எப்படிப் படிப்பது, காப்பீட்டு மனுவை எப்படி எழுதுவது, விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் எப்படிக் கேட்பது, தகவல் உரிமைச் சட்டத்தில் எப்படி மனுப் போடுவது என்று இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் சொல்லித்தர வேண்டும். அடுத்த தேர்தலில் அவர் இல்லாமலே நமக்கு ஆள் இருக்க வேண்டும்.

இதற்குச் சம்மதம் என்று பொதுக்கூட்டத்தில் சொல்கிற ஆசிரியரை நிறுத்துவோம். அவருக்காக வீடு வீடாகப் போவோம். நம்ம கைக்காசைப் போட்டு நோட்டீஸ் அடிப்போம். ஓட்டுக்குப் பணம் கொடுக்க மாட்டோம், வாங்கவும் மாட்டோம். இந்தக் கடைசி வாக்கியத்துக்குக் கை தட்டுவது சுலபம். தேர்தலுக்கு முந்தின ராத்திரி கதவைத் தட்டும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்!

சம்மதித்து ஜெயித்துவிட்டு மாறினால்? எந்த மேடையில் ஆதரவு என்று சொன்னோமோ, அதே மேடையில் ஆதரவு இல்லை என்று சொல்வோம். அது குரு துரோகம் இல்லை. கணக்குத் தப்பாகப் போட்டால் தப்பு என்று சொல்லத்தானே வாத்தியார் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்!

பள்ளிக்கூடத்தில் அவர் கேள்வித்தாள் கொடுத்தார், நாம் எழுதினோம். ஊராட்சியில் நாம் கேள்வித்தாள் கொடுப்போம், அவர் எழுதட்டும். மார்க்கு போடுவது நாம்தான்.

உழவர் பெருமக்களே! தீர்மானத்தை எல்லாரும் படியுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். உங்கள் ஊர்க் கிளையில் விவாதித்து, வேண்டாததை அடித்து, வேண்டியதைச் சேர்த்து அனுப்புங்கள்.

உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்து!
முல்லைப் பெரியாறு உரிமையை விட்டுக் கொடுக்காதே!
ஊர்ப் பணத்தின் கணக்கை ஊர்ச் சபையில் படி!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!